ரெய்யோவின் மாக்கல் பெஞ்சு

கிழக்குப் பின்லாந்தில் எங்கள் ஊரைச் சுற்றி மாக்கல் குவாரிதான். ஆகவே ஊரில் எல்லோருக்கும் மாக்கல் மேல் பிரியம் உண்டு. ரெய்யோ துர்பெய்னனுக்கு மட்டும் அது மதம். "கருங்கல்லு சூடு தாங்காம வெடிச்சிரும். செங்கல்லு சோம்பேறி. மாக்கல்லுதான்யா சூட்டை மடமடன்னு வாங்கி மடமடன்னு கொடுக்கும்" என்று சாவு வீட்டில்கூடப் பேசுவார்.

ஊர்ப் பொதுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், அகப்பை அவர் கையில்தான். மேல்படியில் உட்கார்ந்தபடி அடுப்புக் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றும் உரிமை அது. ஆண்டுக்கொருமுறை போட்டி நடக்கும்; சூடு தாங்கி, கடைசியாக எழுந்திருப்பவருக்குத்தான் அகப்பை. அது போனால் ரெய்யோ வெறும் ஓய்வுபெற்ற குவாரிக்காரர். அவர் பேச்சை ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. இந்த முறை அதன்மேல் அவர் மனைவியின் அண்ணன் வெய்க்கோவுக்கும் கண்.

ரெய்யோவுக்கு உள்ளூரப் பயம். அதை மறைக்க, மேல்படியின் மரப்பலகையைப் பெயர்த்துவிட்டு, வழவழவென்று மாக்கல் பெஞ்சு போட்டார்.

மனைவி ஹில்க்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்யா, சூடு ஒண்ணுதான். மரம் அதைக் கஞ்சத்தனமா கொடுக்குது, அதனால உக்கார முடியுது. கல்லு வாரி வழங்கிரும். நம்ம கல்லு அடுப்புல ரொட்டி வேகுறத பாத்ததில்லையா?"

"கல்லைப் பத்தி எனக்கே பாடமா?"

போட்டி நாளில் அம்மணமாக அந்தப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். கீழே விரித்த துண்டு பேருக்குத்தான். 'சுடுகிறது' என்று சவுனாவில் சொல்வதற்குப் பதில் எங்கள் ஊர் ஆண்பிள்ளை செத்தே போவான். ஊர்ப் போதகர் கண்ணை மூடியிருந்தார். ஜெபம் என்று நினைத்தோம்.

"எப்படி இருக்கு மச்சான்?" என்றார் ரெய்யோ, பல்லைக் கடித்தபடி.

"லேசா குளுருது மாப்ள. இன்னும் ஒரு அகப்பை ஊத்தேன்."

ஊற்றினார், மானஸ்தர்.

முதலில் ஓடியது போதகர். பின்னாலேயே நாங்கள், எங்களுக்குப் பின்னால் வெய்க்கோ. பக்கத்து ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று முனகினோம். வெகுநேரம் கழித்து, காலை அகட்டி அகட்டி ரெய்யோ வந்தார். கையில் அகப்பை. ஜெயித்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

அடுத்த சனிக்கிழமை பழைய மரப்பலகை திரும்பி வந்திருந்தது. ரெய்யோ கதவோரமே நின்றார்.

"மேல வந்து உக்காந்து ஊத்து மாப்ள" என்றார் வெய்க்கோ.

ரெய்யோ பலகையைப் பார்த்தார். பிறகு அகப்பையை மச்சானிடம் நீட்டினார். "நீயே ஊத்து. எனக்கு இன்னைக்கு நிக்கணும்போல இருக்கு."