போனுக்குக் காது உண்டு என்று சித்தப்பா சொன்னார்

என் சித்தப்பாவால் ஒரு செய்தியை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உடனே அதன் மேல் ஓர் அபிப்பிராயம் பிறந்துவிடும். அதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பழைய பேரங்காடியின் முதல் மாடியில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு கண்ணாடி மேசை, ஒரு வெள்ளை விளக்கு, ஒரு சுழல் நாற்காலி, அவ்வளவுதான். மேசையின் மேல் அவரே பாகம் பாகமாகப் பொருத்திய இயந்திர மனிதப் பொம்மைகள் ஐந்தாறு வரிசையாக நின்றன. அவற்றைத் தொட்டால் வாடிக்கையாளர் என்றும் பார்க்க மாட்டார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாலையில் கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தை வெட்டிக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. வந்ததும் போனை எடுத்து அன்றைய உலகத்தைத் திறப்பார். எந்தக் கம்பெனி மடிக்கிற போன் விடப்போகிறது, எது இந்த வருடத்தோடு படுத்துவிடும், கார் தானாக ஓடினால் லாரிக்காரர் கதி என்ன, எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் மணிக்கணக்கில் சண்டையும் போடுவார். ஒருமுறை, இரண்டு போன்களில் எது மேல் என்று யாரோ ஒரு பிரேசில்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தட்டில் வைத்த கை காய்ந்துபோக உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுகிற என் அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவன் ஒத்துக்கிட்டானா இல்லையா? கேட்டுட்டு சாப்புடுலா," என்றார்.

சித்தப்பாவின் பேச்சை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

ஒரு மாலை அவர் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அண்ணி, இந்த போன் நாம பேசறத எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கு, தெரியுமா? நேத்து கடையில ரைஸ் குக்கர்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். வீட்டுக்குப் போயி பாத்தா ரைஸ் குக்கர் விளம்பரமா வருது."

"சும்மா மேசையில கெடக்கற போனா?" என்றார் அம்மா.

"சும்மாதான் கெடக்கும். காது தொறந்திருக்கும்லா. கேட்டு எங்கயாச்சும் அனுப்பிக்கிட்டே இருக்கும். கவர்மெண்ட் கேட்டா எடுத்துக் குடுத்துருவான்."

அம்மா சிரித்துக்கொண்டே தன் போனுக்கு அருகில் குனிந்தார். "எனக்கு ஒரு புது ஐஸ்பெட்டி வேணும். கேக்குதா?" என்று கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

தம்பி எங்கள் வீட்டில் பிறந்தவன் அல்லன். அம்மா வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த ஓர் இளம்பெண், பிறந்து பதினோரு நாளான குழந்தையைத் துண்டில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். "ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. குழந்தை ஒரு வாடகை அறையில் பிறந்ததாம். பிறப்பை யாரும் எங்கேயும் பதியவில்லை. அவனுக்கு வயது ஆறு முடியப்போகிறது, அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம். ஆனால் அவன் இந்த உலகத்தில் பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பெரியவர்கள் அதை 'சூராட்' என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். "தம்பிக்கு சூராட் இல்லன்னு வெளிய யாருக்கும் சொல்லக்கூடாது," என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சீருடை போட்ட ஒருவர் வந்து தம்பியின் கையைப் பிடித்து வேனில் ஏற்றுவதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆக, நான் யாரிடமும் சொல்லாமல் காத்துவந்ததை, மேசையில் கிடக்கும் போன் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது!

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் நிம்மதி போயிற்று. அம்மா தம்பியின் பேச்சை எடுத்தால் போன் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அதன் மேல் துண்டைப் போடுவேன், தலையணைக்கு அடியில் தள்ளுவேன். சத்தமாகப் பாட்டுப் பாடியும் பார்த்தேன், திட்டு வாங்கினேன். கடைசியில் சித்தப்பாவிடமே போய், போனுக்குக் கேட்காமல் செய்ய முடியுமா என்று கேட்டேன். தன் பேச்சை மதித்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்குப் பரம சந்தோஷம். அடுப்படியில் இருந்த அலுமினியத் தாளை எடுத்துத் தன் போனைச் சுற்றினார். அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினார். அம்மாவின் போனிலிருந்து அழைத்தார். டின் ஊமையாக இருந்தது.

"பாத்தியா பாப்பா? உள்ளயும் போகாது, வெளியவும் வராது," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பியின் காகித வேலையும் சூடு பிடித்தது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக அலையும் ஓர் அக்கா, தம்பியைப் பெற்றவரைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பெண் ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் இறால் உரிக்கும் வேலையில் இருந்தார். கல்யாணமும் ஆகியிருந்தது. புருஷன் வீட்டுக்கு இந்தக் குழந்தையைப் பற்றித் தெரியாது. அவர் ஈப்போவுக்கு வந்து பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் மனு நகரும். ஆனால் என்றைக்கு வீட்டில் சாக்குச் சொல்லிக் கிளம்ப முடியுமோ அன்றைக்குத்தான் வருவார். அடுத்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள். "அவங்க பஸ் ஏறினதும் போன் அடிப்பேன். பையனக் கூட்டிக்கிட்டு உடனே வந்துருங்க. இத விட்டா இன்னொரு தடவ வரமாட்டாங்க," என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். அம்மா தொழிற்சாலையில் ஒரு வாரம் லீவு போட்டார். தம்பியின் நல்ல சட்டை தினமும் காலையில் கொடியிலிருந்து இறங்கி நாற்காலியில் தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, அப்பா லாரியோடு மலைப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பாதையில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் உரக்கப் பேசினார். "கையெழுத்து போட்டுட்டா சூராட் கெடச்ச மாதிரிதான். பயப்படாத." அம்மாவும் ஏதோ உரக்கப் பதில் சொன்னார். போன் ஐஸ்பெட்டியின் மேல், காதைத் திறந்துகொண்டு கிடந்தது. எனக்குப் பதறிவிட்டது. அதை எடுத்துத் தாளில் சுற்றி, டின்னில் அடைத்து, அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் செருகினேன். பேச்சு முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம் என்றுதான். அதற்குள் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஓய்வு நேரத்தில் மீகூன் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் நினைவு வந்தது. காதுகள் சூடாயின. பொட்டலத்தை அப்படியே மூடினேன். இந்நேரம் அந்த அக்கா அழைத்திருந்தால்? இன்றைக்குத்தான் தம்பியைப் பெற்றவர் பஸ் ஏறியிருந்தால்? வீட்டில் வேறு போன் கிடையாது.

வகுப்பு ஆசிரியையிடம் போய், வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டும் என்றேன். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "எனக்கு," என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டார். அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். சித்தப்பாவின் எண் எனக்கு மனப்பாடம்; கணினிக்கே மறதி வரும் காலத்தில் மனிதன் ஓர் எண்ணையாவது நினைவில் வைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ரிசீவரைக் காதில் வைத்த பிறகுதான் எனக்கு அடுத்த பயம் வந்தது. இதுவும் போன்தானே!

"சித்தப்பா, பிஸ்கட் டின்," என்றேன்.

"என்ன பாப்பா? பிஸ்கட் வேணுமா?"

"இல்ல. டின். நீங்க செஞ்சு காட்டினீங்களே, அது."

அந்தப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் மலாயில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா அவரைப் பொறுக்கச் சொன்னார்.

"டின்னுக்குள்ள என்ன இருக்கு?"

நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டேன். அலுவலகத்துக் கிராணி அம்மா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"பாப்பா, உங்கம்மா போனா?"

"உம்."

"எங்க வெச்ச?"

"என் துணிக்கு அடியில."

பிள்ளைகள் காதில் விழக்கூடாத ஒரு சொல்லை அவர் சொன்னார். தொடர்பு அறுந்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சித்தப்பா போன வருடம்தான் எனக்கு முழுதாகச் சொன்னார். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பொம்மைகளுக்குக் கூடக் காவல் வைக்காமல், மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாராம். அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போனைத் தேடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தே உள்ளே நுழைந்தாராம்.

"உங்கம்மா தேடவே இல்ல," என்றார். "ஆறு வயசுப் பையன மடியில போட்டு சோறு ஊட்டிக்கிட்டிருந்தாங்க. பக்கத்து வீட்டுல போயி ஒரு போன் அடிக்கச் சொல்லிருக்கலாம்லா? அது கூட செய்யல. நான் டின்ன தொறந்து போன நீட்டினேன். கைக்கு வந்ததும் மெசேஜ் மேல மெசேஜா விழுது. அவங்க பாக்கவே இல்ல. 'இவன நேர்ல பாத்துட்டு, திருப்பிக் குடுன்னு அவ கேட்டா நான் என்ன பண்றது?'ன்னு கேட்டாங்க. எனக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரு கருத்து இருக்குமே. அன்னிக்கி ஒன்னும் இல்ல பாப்பா."

பிறகு அம்மாவே எழுந்து தம்பிக்கு நல்ல சட்டையைப் போட்டுவிட்டாராம். மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். அலுவலகத்து நீள நாற்காலியின் ஓரத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார். பையனைக் கேட்கவில்லை, தொடவும் இல்லை. கிளம்பும்போது மட்டும், "என்ன பேரு வெச்சீங்கக்கா?" என்று கேட்டார். அம்மா சொன்னார். அந்தப் பெண் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.

சூராட் கைக்கு வர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. தம்பி இப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிக்கிறான். சித்தப்பாவோடு சரிசமமாகச் சண்டை போடுகிறான்.

ஆனால் அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. பள்ளி விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் படியில், பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பிழிந்து தந்த எலுமிச்சைச் சாறு கையிலேயே சூடாகிப்போனது. அந்தப் பெண் வந்து போய்விட்டார், இனி சூராட் கிடைக்காது, அந்த வேன் வரும், எல்லாம் என்னால்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மழை தூறத் தொடங்கிய நேரத்தில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் படியிலிருந்து எழுந்து ஓடி, அந்த அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அம்மா இறங்கினார். தம்பி அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தான். ஆறு வயதுக்கு அவன் கனமான பையன். நான் தூக்கினால் இரண்டு அடி வைக்க முடியாது. சித்தப்பா, "குடுங்கண்ணி, நான் தூக்கிக்கறேன்," என்று கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. கதவைத் திறந்தார். உள்ளே போனார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. மெத்தை இருந்தும் அவனைக் கிடத்தவில்லை. ஈரச் சட்டையோடு, கூடத்தின் நடுவில் அவனைச் சுமந்துகொண்டு வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார். நான் கதவிடுக்கு வழியாக, எங்கள் வீட்டு ஜன்னலுக்குள் தெரிந்த அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியை இறக்கி வைத்ததும் அந்தக் கை முதலில் என்னைத்தான் அடிக்கும் என்று நினைத்தேன். அவன் விழித்துவிடக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.