சைக்கிள் ஓடத் தெரியாத திரேசா அக்கா

திரேசா அக்கா காலமான செய்தி, நான் கல்கிசைக்குப் போக பஸ்ஸில் இருக்கும்போது கைப்பேசியில் வந்தது. நம் சைக்கிள் பாதைக் குழுவில் ஒரே வரி. அதையே திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது பஸ் கல்கிசையைத் தாண்டி இரத்மலானையில் நின்றது. வீதியோரம் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பாமன்கடைக் கால்வாயோரத்துப் பாதையை அறிந்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சைக்கிள் ஓடத் தெரியாது. ஆனாலும் விடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பாதையோரம் அமர்ந்துவிடுவார். பஸ்ஸும் லொறியும் நெரியும் காலி வீதியில் சைக்கிளோடு இறங்கப் பயந்த பெண்களும் பிள்ளைகளும் அவர் கண்முன்னேதான் பழகினோம். நான் பழகியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. விழுந்த கணக்கு அக்காவுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் கண் சொருகுகிறது. கால்வாயின் மேல் மெல்லிய பனி, எங்கிருந்தோ கடற்காற்று, சில்லுகளின் கிறுகிறுப்பு. எங்கும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருப்பதில் ஒரு மயக்கம் இருந்தது. "ஓடாம இருந்து என்னத்தையக்கா பாக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க சுத்தச் சுத்த நானும் சுத்துற மாதிரி இருக்கும் பிள்ளை. கதிரையே அசையும்" என்றார்.

அந்தப் பாதையை வாகனத் தரிப்பிடமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் குழு அமைத்தோம். அக்கா தலைவர், நான் செயலாளர். நான் எழுதிய கடிதத்தோடு மாடி வீடுகளில் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினோம். கடைசியில் ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தோம். பாதையைக் கூட்டிக் கழுவினோம். பந்தல் போட்டோம். பற்றிஸும் பால்தேநீரும் வைத்தோம். பாதை வாசல் படலையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: 'பாதை அழுக்காகும். இன்று யாரும் சைக்கிள் ஓட வேண்டாம்.' தாளில் பெயர் இல்லை. அதிகாரி வந்தார், பற்றிஸ் சாப்பிட்டார், இஸ்திரி போட்ட உடுப்புகளோடு நின்ற எங்களைப் பார்த்தார். "இங்கே சைக்கிள் ஓடுவது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு சைக்கிள்கூட இல்லை. பாவனையில் இல்லாத பாதை என்று எழுதிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் கூச்சல். "எந்த மடையன் அந்தத் தாளை ஒட்டினது?" என்று ஒரு தகப்பன் கத்தினார். அக்கா எழுந்தார். "நான்தான் ஒட்டினனான். பிழை என்ட. ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ." ஏசினார்கள். வயதைக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அந்த அதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தார் அக்கா. அவர் கேட்டது ஒன்றுதான்: சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வாருங்கள். ஒரு மழைக் காலையில் அதிகாரி வந்தார். குடைக்குள் முகம் மறைய நின்ற அவரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் அவருடைய காற்சட்டையில் சேறடித்துக்கொண்டு பறந்தார்கள். "பாதையில நிக்காதேங்கோ!" என்று அக்காவும் விரட்டினார். அதிகாரி சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்று, பார்த்து, எழுதிக்கொண்டு போனார். பாதை தப்பியது.

அக்காவை அறிந்த உங்களுக்கு இன்று ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாளை எழுதி ஒட்டியது நான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாய் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். "கதைக்காத. உன்னில கோவிச்சா நாளைக்கு உன்ட கடிதத்தில ஆர் கையெழுத்து வைப்பாங்க? நான் சும்மா கதிரையில இருக்கிற ஆள்தானே." பாதை தப்பிய பிறகாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அவருடைய நல்லடக்கத்தன்றுகூட யாரோ அன்போடுதான், "அந்தத் தாள் ஒட்டின அக்கா" என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பிழைதான். இத்தனை நாள் அவர் அதைச் சுமந்தது போதும். இனி அது என் பெயரில் இருக்கட்டும்.