லைன் கடை மைக்செட் சபாபதி அண்ணன்

சபாபதி அண்ணன் போய்ட்டார்... இன்று மதியம் அவர் மகன் போன் செய்து சொன்னான்.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பழைய லைன் கடைகள் ஞாபகம் இருப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். கடைசி ரூம். மைக்செட், ரேடியோ ரிப்பேர்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் மலைச்சரிவை வெட்டி, வரிசையாகச் சில ரூம்கள் கட்டினார். முன்னால் நீளமாக ஒரு தாழ்வாரம். "மலையிலயே மொத ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நாங்கள் லைன் என்போம், அவ்வளவுதான்.

முதல் ரூமில் டீக்கடை. அடுத்ததில் வாடகை சைக்கிள் கடை... இந்த மேட்டில் யார் மிதிப்பது? சீக்கிரமே மூடிவிட்டார்கள். அங்கே ஜவுளிக்கடை வந்தது, போனது, உரக்கடை வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. கரண்ட் படுத்திய பாட்டில் ஸ்டுடியோக்காரரும் மலை இறங்கிப் போய்விட்டார்.

அந்த ரூமில்தான் நான் தையல் மிஷின் போட்டேன். பக்கத்து ரூம் சபாபதி அண்ணன்.

அவரை மாதிரி பயந்த மனுஷனை நான் பார்த்ததில்லை. மின்னலுக்குப் பயம். பாம்புக்குப் பயம். பஸ்ஸில் மலை இறங்கினால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர், ஆனால் ஃபியூஸ் போட என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

லைன் முழுக்கக் கிண்டல் செய்வோம். கோபமே வராது. "பயந்தா இன்னா தங்கச்சி... நான் யாரையாச்சும் கடிச்சனா?" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். அவர் ரூமின் பின்சுவரில், மலைச்சரிவை ஒட்டிய பக்கம், ஒரு வெடிப்பு. அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

கட்டடக்காரர், லைனைக் கட்டிய அந்தத் திருப்பத்தூர்க்காரர், வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "செவுருன்னா வெடிப்பு வுடத்தான் செய்யும். நீ போய் உன் ரேடியோவப் பாரு."

அண்ணன் எல்லோரிடமும் போய்ப் போய்ச் சொன்னார். இடிக்கும் பயப்படுகிறவர், இதற்கும் பயப்படுகிறார் என்று விட்டுவிட்டோம். நானும்தான்.

அடுத்த நாள் சந்தை. மழை வலுத்ததும் சந்தைக்கூட்டம் மொத்தமும் புளி மூட்டை, சாமை மூட்டையோடு எங்கள் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கியது. நிற்க இடமில்லை.

என் மகளுக்கு அப்போது நடை வரவில்லை. கடைக்குள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸில் திருப்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தேன்.

அண்ணன் தன் ரூமிலிருந்து வெளியே ஓடி வந்தார். "வெடிப்பு பெருசாயிடுச்சு, எல்லாரும் வெளிய வாங்க, வெளிய வாங்க" என்றார். யாரும் அசையவில்லை. இந்த மழையில் எங்கே போவது?

அவர் மறுபடி உள்ளே போனார். அந்த ரூமுக்குள்ளேயே...

கூரை மேல் இருந்த அவருடைய ஹாரன் ஸ்பீக்கர் கரகரத்தது.

"திருப்பத்தூர் பஸ் கெளம்புது. இதான் கடைசி பஸ். மழைக்கி இதோட பஸ் இல்ல. ஏறுறவங்க உடனே ஏறுங்க."

அவ்வளவுதான். மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு கூட்டம் ஓடியது. பஸ்ஸுக்குப் போகாதவர்களும் மூட்டை ஏற்றிவிட ஓடினார்கள். நான் தூளியிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினேன்.

இதில் வேடிக்கை, அந்த பஸ் டிரைவர் எங்கள் லைன் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "என் பஸ்ஸ எவன்யா எடுக்கறது?" என்று கிளாஸோடு அவரும் ஓடி வந்தார். டீக்கடைக்காரரும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே.

போகாமல் நின்ற ஒன்றிரண்டு பேரை அண்ணனே கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து வந்தார்.

பஸ் எங்கேயும் கிளம்பவில்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் வந்ததே கோபம்... கட்டடக்காரர் குடையை வீசிவிட்டு அவர் சட்டையைப் பிடித்தார். "இன்னாடா வெளையாட்றியா?"

அண்ணன் லைன் பக்கம் கையை நீட்டினார்.

அப்போது விழுந்தது. முதலில் பின்சுவர். அதோடு சேர்ந்து கூரை. தாழ்வாரம் ஒரு பக்கமாகக் குனிந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. என் கடை இருந்த இடத்தில் வெறும் கல்லும் சேறும்.

உள்ளே ஒருவர் இல்லை. ஒருவர்கூட இல்லை.

கட்டடக்காரர் சட்டையை விட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தார். கடைசியில் அந்த டிரைவர்தான் அண்ணன் தோளில் கை வைத்து, "இப்ப எடுக்கட்டுமாண்ணா பஸ்ஸ?" என்று கேட்டார்.

"எடுங்க" என்றார் அண்ணன். ஒரே ஒரு வார்த்தை. நான் அழுதேன், பிறகு சிரித்தேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது. மகள் மட்டும் மழையில் நனைந்த கடுப்பில் கத்திக்கொண்டிருந்தாள்.

லைனை மறுபடி கட்டினார்கள். இந்த முறை கான்கிரீட் தூண் போட்டு. உரக்கடை திரும்பி வந்தது, பிறகு வீடியோ கேசட் கடை வந்தது, பேன்சி ஸ்டோர் வந்தது.

அண்ணன் மட்டும் எதிரே ஒரு தகர ஷெட்டில் கடை போட்டுக்கொண்டார். "நீங்க ஒரு மழக்காலம் இருந்து பாருங்க தங்கச்சி. அப்பறமா வர்றேன்." சொன்னபடி ஒரு மழைக்காலம் கழித்துத்தான் வந்தார்.

சமீபத்தில் அவர் உடம்பு ரொம்ப முடியாமல் போனது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ஒரே கவலை. எப்படித் தாங்குவாரோ என்று.

இன்று அண்ணியிடம் பேசினேன். கஷ்டப்பட்டாரா அண்ணி என்றேன்.

"இல்லம்மா. கஞ்சி குட்ச்சாரு. நல்லாகீது, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாரு. அடுப்பாண்ட போய்ட்டு வர்றதுக்குள்ள கண்ண மூடிக்கினாரு. தூங்கறாருன்னுதான் நெனச்சேன்."

அப்பாடா என்றிருந்தது.

நாளை காலை எடுக்கிறார்கள். நானும் மகளும் வருகிறோம்.

நல்லபடியா போங்கண்ணா...