நண்டு தின்ற கரை

என் மனைவிக்குத் தெருவில் வைத்த பெயர் சைரன். அவளுக்கு எதிரிலேயே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். தெருவின் குடிநீர்க் கிணற்று மோட்டாரைப் போட்டு நிறுத்துவது அவள் வேலை. குழாயைத் திறந்துவிட்டு அரட்டை அடிக்கிறவர்கள் காதில் அந்தக் குரல் விழுந்தால் அலறி அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தாள். கல்யாணப் பேச்சு எடுத்த அன்றைக்கே, "தம்பியும் கூட வருவான், சம்மதமா?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். மறுத்துவிட்டு உயிரோடு திரும்ப முடியுமா? சம்மதித்தேன்.

பம்ப் ரூமுக்குப் பின்னால் சதுப்பு, அதற்கப்பால் கடல். இடுப்பளவு வளர்ந்த புல்தான் அங்கே அலையின் வேகத்தை வாங்கி, மண்ணையும் இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு மூன்று வருடமாக அந்தப் புல் ஓடைக் கரையோரம் செத்துக்கொண்டே வந்தது. கட்டைவிரல் அளவு நண்டு! தண்டையும் தின்கிறது, வேரையும் விடுவதில்லை. தின்ற இடமெல்லாம் சல்லடையாகி, சேறாகி, கடைசியில் ஓடையாகிவிடும். அப்படியே ஓடை கிணற்றைப் பார்த்து நீண்டுகொண்டு வந்தது.

அதை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் பம்ப் ரூமில் கால் கழுவும்போது என் மனைவிக்கு எல்லாம் விளக்கினாள். கடல் மட்டம் ஏறிவிட்டதால் சதுப்பில் தண்ணீர் அதிக நேரம் நிற்கிறதாம். மண் ஊறிப்போவதால் நண்டுக்கு வளை தோண்ட வசதி. அதைப் பிடித்துத் தின்கிற பெரிய நண்டையும் மீனையும் ஓடையில் யாரும் விட்டுவைக்கவில்லை.

யாரும் என்றால் யார்? என் மச்சான்தான், வேறு யார்? ஓடை முழுக்க நண்டும் மீனும் பிடிக்க அவன் போட்ட கூண்டுகள். பிள்ளை பிறந்த பிறகு இன்னும் அதிகமாகப் போட்டிருந்தான்.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை வைக்காமலேயே என் மனைவி ஆரம்பித்தாள். "கூண்டையெல்லாம் எடுத்துடுடா."

"கடல் ஏறுதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சாமே. அதுக்கும் நான்தான் காரணமாக்கா?"

"கடலை என்னால நிறுத்த முடியாது. உன்னை நிறுத்தலாம்ல?"

"நான் எடுத்தா நாளைக்கே இன்னொருத்தன் போடுவான். என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதக்கா."

எழுந்து போனவன் நேராகத் தெருச் சங்கத் தலைவரிடம் போய் எல்லாப் பழியையும் நண்டு மேல் போட்டான். அந்த ஆளுக்கு மைக் கிடைத்தால் போதும், தலைகால் புரியாது. "நண்டுதானே பிரச்சினை? வளையைத் தோண்டி ஒண்ணு விடாம பிடிச்சிடுவோம்!" என்று முழங்கினார். ஞாயிற்றுக்கிழமை தெருவே மண்வெட்டியோடு சதுப்பில் இறங்கியது.

என் மனைவி குறுக்கே போய் நின்றாள். "மிச்சமிருக்கிற வேரையும் வெட்டாதீங்கய்யா! நண்டு செய்யற வேலையை நீங்க ஏன் செய்யறீங்க?"

"சைரன் ஊதுதுடா" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். என் மச்சானும் சிரித்தான். சோறு போட்டு வளர்த்தவளுக்கு அவன் கொடுத்த மரியாதை அது!

வாளி வாளியாக நண்டு பிடித்தார்கள், வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கொத்திப் போட்ட கரை அப்படியே கிடந்தது. அடுத்த பௌர்ணமிக்குக் கடல் ஏறியபோது அது மொத்தமாகச் சரிந்தது. தண்ணீர் பம்ப் ரூம் வாசலைத் தாண்டி வந்து கிணற்றுக்குள் இறங்கியது.

விடிந்ததும் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்பிய என் மனைவி மோட்டாரை நிறுத்தினாள். இந்தத் தண்ணியைக் குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கத்திவிட்டு வந்தாள். பின்னாலேயே தலைவர் கூட்டத்தோடு வந்துவிட்டார்.

"லேசா உப்புக் கரிக்குது, அவ்வளவுதானே? காய்ச்சிக் குடிக்கலாம்னு சொல்லிடும்மா. பீதியைக் கிளப்பாதே."

"காய்ச்சினா உப்பு எங்கய்யா போகும்?" ஒரு டம்ளரில் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். "முதல்ல நீங்க குடிங்க."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெட்கம் கெட்ட மனுஷன்!

கூட்டத்திலிருந்து என் மச்சான் முன்னால் வந்தான். கையில் காலி கேன். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தவன், முகம் கோணி அப்படியே துப்பினான்.

"பிள்ளைக்குப் பால் மாவு கரைக்கத் தண்ணி பிடிக்க வந்தேன்க்கா."

அவள் டம்ளரை வாங்கி மிச்சத்தைக் கீழே கொட்டினாள்.

"கூண்டை எடுத்துடறேன்."

"எடு."

"எடுத்தா இந்தத் தண்ணி சரியாயிடுமா?"

"ஆகாது. கரை போச்சு. இனிமே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கடல் உள்ள வரும்."

"அப்புறம் எதுக்குக்கா எடுக்கணும்?"

அவள் மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

"அடுத்த தெருக் கிணறும் இதே ஓடைக்குப் பக்கத்துலதான்டா இருக்கு. உன் பிள்ளைக்கு இனிமே அங்கேருந்துதான் தண்ணி."