தம்பியின் மூடிய கையில் சீனி

சென்ற வாரம் என் மகன் வகுப்பில் ஒரு பிள்ளையைச் சாப்பாட்டுப் பெட்டியால் அடித்துவிட்டான். அந்தப் பிள்ளைக்குப் புருவத்தில் தையல். டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். அதிகமான சீனி மூளையில் ஒருவித அழற்சியை உண்டாக்கலாம், அது குணத்தையும் மாற்றலாம் என்று ஆராய்கிறார்களாம். இவனுக்கு அதுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனாலும் குறைத்துப் பாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து சீனி டின்னை அலமாரியின் உச்சியில் வைத்தேன். காலையில் பஸ்ஸுக்கு ஓடுமுன் அவன் அழாமலிருக்க நான் கொடுக்கும் கிரீம் பிஸ்கட்டையும் வைத்தேன். தம்பியின் நினைவு வந்தது.

அப்போது இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். தேத்தண்ணியில் சீனி கலக்கும் வழக்கம் எங்களுக்கில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. தேத்தண்ணி முடியும்வரை சீனியை மிச்சம் வைப்பவன் கெட்டிக்காரன். தம்பி ஒரே நக்கில் முடித்துவிட்டு மறு கையை நீட்டுவான். கொடுக்காவிட்டால் தரையில் விழுந்து தலையை மோதுவான். அம்மா விடியலில் ரப்பர் பால் வெட்டப் புறப்படும்போது அவன் கையில் சீனி வைத்துவிட்டுத்தான் படி இறங்குவார்.

ஒருநாள் பலாங்கொடையில் கடை வைத்திருந்த மாமா ஒரு பை சீனியோடு வந்தார்.

"அவனுக்கு ரொம்பக் குடுத்துறாதீங்கண்ணே, ஆடிருவான்" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனார்.

"சிங்கக்குட்டி ஆடட்டுமே" என்றார் மாமா. அன்று காலை முழுக்கத் தம்பியின் கை காலியாகவே இல்லை.

மதியம் மாமாவும் தம்பியும் நானும் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டிலுக்குப் போனோம். அம்மா வாளியோடு வரிசையில் நின்றார். அவரைக் கண்டதும் தம்பி கத்திக்கொண்டு ஓடி மோதினான். வாளி சரிந்தது. சத்தமில்லாமல், வெள்ளையாக, பால் மண்ணில் பரவியது.

கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "பாதிகூட இல்லையே. அரைப்பேர்தான் போடலாம்." அரைநாள் சம்பளம் போயிற்று.

"புள்ளைக்குப் பேய் புடிச்சிருக்கு, பூசாரிட்ட காட்டு" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"சீனிய அள்ளிக் குடுத்த பேய் இந்தா நிக்கிது" என்று அம்மா மாமாவைக் காட்டினார். மாமா சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தம்பிக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா அவனை வீட்டுக்குத் தூக்கி வந்தார். விம்மிக்கொண்டிருந்தவனின் விரல்களைப் பிரித்து, அதே சீனியில் கொஞ்சம் வைத்து, தன் கையாலேயே மூடிப் பிடித்துக்கொண்டார்.

அவன் நக்கவில்லை. ரப்பர் வாடை அடிக்கும் அம்மாவின் சேலையில் முகத்தை அழுத்தியபடி தூங்கிப் போனான். மூடிய கைக்குள் சீனி வியர்வையில் பிசுபிசுத்தது. வீணாகிறதே என்று நான் அந்த விரல்களை விரித்து நக்கிப் பார்த்தேன். உப்பும் இனிப்புமாக இருந்தது. கேட்டது கையிலேயே இருக்க, இவன் ஏன் தின்னாமல் தூங்குகிறான் என்பது அன்று எனக்கு விளங்கவே இல்லை.