தண்ணீர் குடித்த பாறை

பொன்னமராவதி வட்டாரத்தில் அறுபதுகளில் வெட்டிய கிணறுகளில் பாதியிலாவது என் உளி பட்டிருக்கும். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். கூலிக்குக் கல் உடைக்கப் போனேன்; பிறகு பத்துப் பேரை வைத்து வேலை வாங்கினேன்; சொந்தமாக ஓட்டு வீடும் கட்டினேன். பாறையைத் தட்டும் சத்தத்திலேயே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவேன். இதில் ஒரு சொல் பொய்யில்லை.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இல்லை.

முப்பதடியில் கரும்பாறை குறுக்கே படுத்துக்கொண்டது. வெடி வைத்தால் பக்கத்திலேயே நிற்கும் புது வீட்டின் சுவர் தாங்காது. உளியால் கொத்தினால் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிச் சில்லு. என் மனைவி கோட்டைப்பட்டினத்துக்காரி. வயிற்றில் எங்கள் மூத்தவளோடு, இரண்டு தெரு தாண்டிப் போய்க் குடம் சுமந்தாள்.

"ஊருக்கெல்லாம் கெணறு வெட்டுறவரு வீட்டுக்காரி கொடத்தோட வாறா, வழி விடுங்கடிங்கிறாளுக" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு, எனக்குச் சோறு இறங்காது. பிள்ளை பிறப்பதற்குள் தண்ணீர் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

முன்னறையில் ஒரு காலேஜ் வாத்தியார் வாடகைக்கு இருந்தார். கல்லைப் பற்றியே பாடம் நடத்துகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்மா தொழுதுவிட்டு வந்தபோது ஒரு பச்சைக் கல்லை நீட்டினார். பாம்புத் தோல் மாதிரி வரி வரியாக, வழுவழுவென்று இருந்தது. கத்தி முனை பட்டதும் கோடு விழுந்தது.

"பாய், இது ஒரு காலத்துல கடலடித் தரைக்கும் கீழ கெடந்த பாறை. நல்ல கெட்டி, நல்ல கனம். மேல இருக்கிற தரை விரிசல் விட்டா கடல் தண்ணி உள்ள எறங்கும். பாறை அதக் குடிச்சுத் தனக்குள்ளயே சேத்துக்கும். சூடு கெளம்பும். பச்சையா, மிருதுவா மாறி உப்பும். உப்புறப்ப புதுசா விரிசல் விடும். அது வழியா இன்னும் தண்ணி எறங்கும்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சார், சின்ன வயசுலேருந்து கல்லோட கெடக்குறேன். கல்லு நனையும், காயும். குடிச்சு உப்புமா? படிக்காதவன் கெடச்சான்னு அளக்காதீங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, அப்ப சுண்ணாம்பு நீத்துறமே, அது என்ன பண்ணுதாம்?"

பெருநாளுக்கு வெள்ளையடிக்க அவள் அத்தா, என் மாமனார், ஊரிலிருந்து ஒரு மூட்டை சுட்ட கிளிஞ்சல் அனுப்பியிருந்தார். ஒரு கை அள்ளிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். புஸ்ஸென்று ஆவி வந்தது. கிளிஞ்சல் கொதித்து, உப்பி, மாவாக உதிர்ந்தது.

"பொருள் வேற, மாத்தமும் வேற" என்றார் வாத்தியார். "ஆனா குடிக்கிறதும் சூடாகி உப்புறதும் இதே மாதிரிதான் தங்கச்சி."

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதப் பாறைக்குள்ள அடைச்சுத் தண்ணி ஊத்தினா?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன்.

வெடி மருந்து போடப் பாறையில் துளைக்கும் குழியைத் தமர் என்போம். மறுநாள் காலையில் ஒரு தமரில் சுண்ணாம்பைத் திணித்துத் தண்ணீர் விட்டு, மேலே களிமண்ணை அப்பிவிட்டு ஏறி வந்தேன். களிமண் பிய்த்துக்கொண்டு போக, கிணறு முழுக்க வெள்ளைப் புகை. பாறை அப்படியே கிடந்தது.

"வாய இறுக்கி மூடணும்ங்க" என்றாள். பிறகு, "தமரச் சொன்னேன்."

அடுத்த தடவை ஒரே வரிசையில் நாலு தமர். சுண்ணாம்பை இடித்து இறுக்கி, தண்ணீர் ஊற்றி, மர ஆப்பால் வாயை அடைத்தேன். மேலே வந்து காத்திருந்தோம். ஒன்றுமில்லை. நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கியபோது கீழே 'டிக்' என்றது. பின்னால் இன்னொன்று. இறங்கிப் பார்த்தால், நாலு தமரையும் இணைத்து முடி போல ஒரு விரிசல். வீட்டுச் சுவரில் ஒரு கீறல் இல்லை.

அதில் கடப்பாரையை விட்டு நெம்பினேன். சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, பிறகு கொப்பளித்தது. முதல் செம்பை அவள்தான் குடித்தாள்.

"உப்பே இல்லங்க" என்றாள், கடற்கரையில் பிறந்தவள். அவள் கண்தான் உப்பாக இருந்தது.

ஊரில் அது என் யோசனை என்றே சொன்னேன். வீட்டோரக் கிணறு என்றால் என்னைத்தான் தேடி வந்தார்கள். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. விருந்தாளிகளிடம் நான் அந்தக் கதையை அளக்கும்போது மட்டும் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள்.

"குடிச்சிட்டுச் சொல்லுங்க."

குடிப்பேன். அதற்கப்புறம் பாதிக் கதையாவது அவள் பேருக்குப் போய்விடும். இங்கே முழுதையும் எழுதிவிட்டேன்.