வெளிநாட்டுக்காரர் படகு

அன்றைக்குப் போனது நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், தங்கை. வராதவர்கள் இரண்டு பேர். அத்தைக்கு ஊர்க்கோடியில் ஷ்வேப்யிதா பக்கத்துத் தையல் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. மாமாவோ, “வெயில்ல அலையறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டுவிட்டுக் காலையிலேயே பந்தாட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டார். அன்றைய கதையை எங்கள் வீட்டில் இன்றுவரை ரொம்ப நன்றாகச் சொல்கிறவர், வராத அந்த மாமாதான்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், சனி ஞாயிறு வந்தால் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பக்கத்தில் எங்காவது போய்வருவார்கள். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில் ஆறும் பகோடா என்கிற புத்தர் கோயிலும் தோப்புமாக ஊர்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அவற்றை எல்லாம் நான் பார்த்து முடித்திருந்தேன். நாங்கள் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டை விட்டு நகர்ந்ததில்லை. அப்பாவுக்கு மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை. மற்றவர்கள் ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் பழுதான விசிறிகள் அவரைத் தேடி வரும்.

அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவளால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது அம்மா புடவை கேட்கவில்லை, வளையல் கேட்கவில்லை. “ஒரே ஒரு நாள், அடுப்பு மூஞ்சியில முழிக்காம, தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுங்க” என்றாள். கியாக்தானில் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவும், தீவு முழுக்க ஒரு பகோடாவும் இருக்கிறது. அங்கே மீன்களுக்குப் பொரி போடலாம். அதுதான் என்று முடிவாயிற்று.

அப்பா தன் கடைக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். யாங்கோன் தெருவோரம் முழுக்கக் கிடக்குமே, முழங்கால் உயரம்கூட இல்லாத ஸ்டூல், அதேதான். அம்மா எங்கே களைத்தாலும் அங்கேயே உட்காரலாம் என்பது அவர் கணக்கு. பஸ்ஸில் அதைக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு நின்றார். அம்மாவோ புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

கியாக்தான் படித்துறையில் இறங்கியதும் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அன்று யாங்கோனே அங்கு வந்திருந்தது. ஊர்க்காரர்கள் ஏறும் படகு ஒவ்வொன்றிலும் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூல் போட அதில் இடம் ஏது? இரண்டு படகுகள் நிரம்பிப் போயின. நெரிசலில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று அம்மா வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

“நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன். எல்லாம் ஒரே தண்ணிதானே” என்றாள்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு துறை இருந்தது. அங்கே கூரை போட்ட படகு ஒன்று, மெத்தை வைத்த நாற்காலிகளோடு ஆளே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பலகை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான்தான். “என்னப்பா போட்டிருக்கு?” என்று அவர் கேட்டதும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பர்மிய எழுத்தில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை, நாலு பேர் காதில் விழட்டும் என்று உரக்கப் படித்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களைப் பர்மியர்கள் ‘கலா’ என்பார்கள். இந்தியாக்காரன், வெளியாள் என்று பொருள். சொல்கிற குரலைப் பொறுத்து அது வெறும் அடையாளமாகவும் இருக்கும், வசையாகவும் இருக்கும். எந்தக் குரலில் சொன்னாலும் அப்பா விடமாட்டார். “உனக்கு எந்த ஊர்?” என்று கடைக்கு வந்தவர் யாராவது கேட்டால், கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார். தான் பிறந்தது இதே தெரு, தன் அப்பா பிறந்தது அடுத்த தெரு, தாத்தா இந்த ஊர் ரயில் பாதையில் வேலை பார்த்தவர், நீ எந்த ஊர்? ஒரு தடவை பஸ் கண்டக்டரோடு இந்த வழக்கு முற்றி, நடுவழியில் எங்களையும் இறக்கிக்கொண்டு நடந்தே வந்தார்.

அப்பா அந்தத் துறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். சீட்டுக் கொடுக்கும் பையன் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுந்து நின்று, மரியாதையாக, இங்கிலீஷில் எந்த நாடு என்று கேட்டான். அந்தக் கேள்வி எந்த மொழியில் வந்தாலும் அப்பாவுக்குப் புரியும். சரி, ரயில் பாதைக் கதை வரப்போகிறது என்று நான் ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்கு வெளியே சிவப்பு ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தங்கை தன் பாவாடையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இங்கிலீஷ் வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறார் என்று நினைத்து, உதவி செய்யலாமா என்றுகூட யோசித்தேன்.

“இந்தியா” என்றார் அப்பா.

சீட்டுக்குச் சாட் நோட்டுகளாக எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, “படகுல ஏறினதும் யாரும் பர்மா பேச்சு பேசக் கூடாது, தமிழ்தான்” என்று எங்களுக்குக் கட்டளை போட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காரணம், எனக்கும் தங்கைக்கும் வாயில் வருவது பர்மிய மொழிதான். தமிழ் கேட்டால் புரியும், அவ்வளவே. தங்கைக்குக் கோயில் வகுப்பில் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் மட்டும் தெரியும். அவள் அசரவில்லை. படகில் ஏறி உட்கார்ந்ததும் கரையில் விற்ற, மீனுக்குப் போடும் பொரியைக் காட்டி, “அ, ஆ, இ, ஈ?” என்று கெஞ்சினாள். அப்பா வாங்கிக் கொடுத்ததும், “உ, ஊ!” என்று நன்றி சொன்னாள்.

படகுக்காரர் வயதானவர். கூட அவர் மகன். படகு கிளம்பியதும் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகனிடம் பர்மிய மொழியில் சொன்னார்: “அந்த அக்காவுக்கு உடம்பு முடியல போல. அலை அடிக்காத பக்கமா சுத்திப் போ.” கொஞ்ச நேரம் கழித்து, “கலாவைப் பாரு, பொண்டாட்டிய எப்படிக் கவனிச்சுக்கறான். நீயும்தான் கட்டிக்கிட்டு இருக்கியே!” என்றார். மகன் முனகினான். எனக்கும் தங்கைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தன் கையை எடுத்து அவர் முழங்கால்மேல் வைத்தாள்.

தீவில் அம்மா கும்பிட்டுவிட்டு, தண்ணீர் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கை நீளத்துக்குக் கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்தன. “ரேஷன் கடை மாதிரியில்ல இருக்கு!” என்று பொரியை வீசி வீசிச் சிரித்தாள். அவ்வளவு நேரம் அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெயில் சாயும்வரை யாரும் அவளை எழுப்பவில்லை.

திரும்பும்போதுதான் தங்கையின் செருப்பு தண்ணீரில் விழுந்தது. “ஐயோ என் செருப்பு! புதுச் செருப்பு! அதோ போகுது!” என்று அவள் சுத்தமான யாங்கோன் பர்மிய மொழியில் அலறினாள். கிழவர் துடுப்பால் செருப்பை இழுத்து, தண்ணீரை உதறி, அவரே அவள் காலில் மாட்டிவிட்டார். முகத்தில் ஓர் ஆச்சரியமும் இல்லை.

கரையில் இறங்கியதும் அப்பா அவர் எதிரில் போய் நின்றார். “எனக்கு மிங்கலா தாங்ஞுன்ட்” என்றார், பர்மிய மொழியில்.

“தெரியும்ப்பா” என்றார் கிழவர். “எந்த வெளிநாட்டுக்காரன் டீக்கடை ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு ஆத்துல வருவான்?” பிறகு அம்மாவைப் பார்த்து, “அடுத்த வாட்டி வந்தா நேரா என்கிட்ட வாங்க அக்கா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. விளையாட்டில் தோற்றுவிட்டோம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். போகும்போது அவர் மகனிடம் சொன்னதெல்லாம் எங்கள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார் என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. சீட்டுப் பையன் முன்னால் அப்பா பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் புரிய இன்னும் அதிக வருடங்கள். அவருக்கு இங்கிலீஷ் வார்த்தை கிடைக்காமல் இல்லை.

மறுநாள் கடையில் யாரோ எந்த ஊர் என்று கேட்டதற்கு அப்பா வழக்கம்போல ரயில் பாதையிலிருந்து ஆரம்பித்தார். அது இன்றைக்கும் நிற்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது மாமா விடமாட்டார். “ஏன் மச்சான், ஒரு நாள் இந்தியாக்காரனா இருக்க எவ்வளவு ஆச்சு?” என்று எல்லார் முன்னாலும் இழுப்பார். கோபம் வரும் என்று நாங்கள் பார்ப்போம். அப்பா அம்மாவின் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். பிறகு மீன் விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார்:

“நாலு பேருக்கு எட்டாயிரம் சாட்.”